முந்நூறு அடுப்பும் மூன்று டையும்

உங்கள் அக்காவையோ தங்கையையோ எந்த ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறீர்கள்? சும்மா சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைத் தூக்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போய், சம்பந்தி வீட்டு வாசலில் நின்று, "அத்தை, விலை இவ்வளவு, எடுத்து வையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு முழுசாகத் திரும்பி வந்தால் நேராக என்னிடம் வாருங்கள். சேல்ஸ்மேன் வேலை போட்டுத் தருகிறேன்.

நான் மூன்று பேரை அப்படி அனுப்பியவன். பி.காம். படித்திருந்ததால் அனுப்பினேன். படிக்காதவனாக இருந்திருந்தால் அந்தத் தப்பு நடந்தே இருக்காது.

எண்பதுகளின் ஆரம்பம். காரைக்கால் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தகரப் பட்டறை. முதலாளி இருபது வருஷமாகப் புனல், வாளி, அரிசி டின் அடித்து நன்றாகத்தான் இருந்தார். திடீரென்று வளர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மெட்ராசில் எவனோ பத்துத் திரி அடுப்புக்கான அச்சை அவர் தலையில் கட்டினான். கூடவே ஒரு லாரி தகடும் வந்து இறங்கியது. கடல் காற்றில் தகடு சில வாரத்திலேயே துரு ஏறிவிடும். அதனால் துரு ஏறுவதற்குள் அடித்து, பச்சை பெயின்ட் பூசி, முந்நூறு அடுப்பைக் கோடவுனில் அடுக்கிவிட்டார். அடுக்கிய பிறகுதான் இதை யாராவது வாங்க வேண்டுமே என்ற யோசனை வந்தது. ஆடி மாதம் முழுக்கக் கடையில் வைத்து விற்றதில் மூன்று போனது. ஒன்று திரும்பி வந்தது.

அப்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன். அப்பா சொல்லி வைத்து வாங்கிக்கொடுத்த வேலை.

"முதலாளி, நமக்குத் தேவை ஒரு சேல்ஸ் ஃபோர்ஸ்" என்றேன்.

"அப்படின்னா?"

"ஆள் வெச்சு விக்கிறதுங்க."

"அத அப்படியே சொல்லலாம்ல தம்பி? காலேஜுல இதுக்கா மூணு வருஷம்?"

ஆனாலும் மயங்கிவிட்டார். எனக்கு 'விற்பனை மேலாளர்' என்று தகரத்தில் ஒரு போர்டு அடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே கெடுவும் வைத்தார். "பொங்கலுக்குள்ள கோடவுன் தரை என் கண்ணுல படணும். படலன்னா நான் பழையபடி புனல் அடிச்சுட்டுப் போறேன். நீங்களும் உங்க ஆளுங்களும் வேற வேல பாத்துக்குங்க."

வேறு வேலை எனக்குத் தயாராகவே காத்திருந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் பெரியப்பாவின் அரிசி மில்லில் தவிட்டு மூட்டைக்கு டோக்கன் போடும் வேலை. விசிட்டிங் கார்டு அடித்து டீக்கடை டீக்கடையாக நீட்டிவிட்ட ஒருவன், தவிட்டுக்கு டோக்கன் போடப் போவதா? தூக்கமே வரவில்லை.

சுவரில் 'ஆட்கள் தேவை' என்று ஒட்டினோம். வந்தவர்களில் மூன்று பேரைப் பொறுக்கினேன். பொறுக்கினேன் என்றால், ஒருவர் முதலாளியின் மச்சினர். அவரைப் பொறுக்குவதற்கு எனக்கு உரிமை இருந்தது, விடுவதற்கு இல்லை. இன்டர்வியூவில் நான் கேட்ட ஒரே கேள்விக்கு, "அக்காவ கேட்டுச் சொல்றேன்" என்றார். இரண்டாவது ஆள் கோட்டுச்சேரிக்காரன், பி.ஏ. ஹிஸ்டரி. கல்லணையை யார் கட்டினார் என்பது தெரியும், அடுப்பில் திரி மாற்றத் தெரியாது. மூன்றாவது ஒரு மீசைக்காரன். மீசைதான் தகுதி. கண்ணாடி முன்னால் நின்று, "வணக்கம், உங்கள் சமையலறை புகையில்லா சமையலறையா?" என்று சொல்லிப் பழகச் சொன்னேன். மீசைக்காரன் அதைச் சொன்னால் கண்ணாடியே பணத்தை எடுத்து வைத்துவிடும் போல இருந்தது.

டை இல்லாமல் சேல்ஸ்மேனா? பாண்டிச்சேரிக்குப் போன ஒருவரிடம் மூன்று டை சொல்லிவிட்டேன். அவர் வாங்கி வந்தது எலாஸ்டிக் வைத்த பள்ளிக்கூட டை. நெஞ்சுப் பாதியிலேயே முடிந்துவிட்டது. மச்சினர் போட்டதும் எல்.கே.ஜி.யில் பல வருஷம் ஃபெயிலானவர் மாதிரி தெரிந்தார். பரவாயில்லை, டை டைதான்.

இனிமேல்தான் என் மூளை. எங்கள் வாத்தியார் கொடுத்த சேல்ஸ்மேன்ஷிப் நோட்ஸில் ஒரு விதி உண்டு: அறிமுகமே பாதி விற்பனை. அதை அப்படியே காரைக்கால் மேப்பில் இறக்கினேன். கொம்யூன் கொம்யூனாக, அதாவது பஞ்சாயத்து பஞ்சாயத்தாக, கோடு போட்டு, மூன்று பேரையும் உட்கார வைத்து, யாருக்கு எந்த ஊரில் சொந்தம் என்று எழுதினேன். கோட்டுச்சேரிக்காரனின் அக்காவைக் கட்டிக்கொடுத்தது நெடுங்காட்டில். அவனுக்கு நெடுங்காடு. மச்சினருக்குத் திருநள்ளாறு பக்கம் இரண்டு சித்தி. மீசைக்காரனுக்கு நிரவியில் மாமன் வீடு. ஆளுக்கு மூன்று அடுப்பு. முதலாளிக்கே புல்லரித்துவிட்டது. "எப்படித் தம்பி இதெல்லாம்?" என்றார். "ஸ்ட்ராட்டஜி" என்றேன்.

சனிக்கிழமை மீட்டிங். கோட்டுச்சேரிக்காரன் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தான். அடுப்பும் இல்லை, காசும் இல்லை.

"வித்துட்டியா?"

"இல்ல சார். குடுத்துட்டேன்."

"குடுத்துட்டேன்னா?"

"சார், நான் வாசல்ல கால வெக்கிறேன், அக்கா மாமியார் ஓடியாந்து, 'வாங்க தம்பி, ஆவணி பொறந்ததும் அக்காவுக்குச் சீரு கொண்டாந்துட்டீங்களே'ன்னு அடுப்ப வாங்கி உள்ள வெச்சு, மஞ்சள் குங்குமம் வெச்சுட்டாங்க. குங்குமம் வெச்ச அடுப்புக்கு எப்படி சார் காசு கேக்குறது? அக்கா கண்ணுல தண்ணி. பொறந்த வூட்ட நெனச்சுப் பெரும பட்டுக்கிட்டு நிக்கிது."

"மிச்சம் ரெண்டு?"

"ஒண்ணு அக்காவோட நாத்தனாருக்கு. அவங்களுக்கு இல்லாம அக்காவுக்கு மட்டும் குடுத்தா நல்லாருக்குமா? இன்னொண்ணு பெரிய மாமனாருக்கு. ஓர்ப்படிக்குத்தான் இல்ல. அவங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சோறே போடல."

ஓர்ப்படி என்றால் அக்காவின் கொழுந்தனார் மனைவி. அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். ஒருத்திக்குப் பிறந்த வீட்டு அடுப்பு வந்துவிட்டது, இன்னொருத்திக்கு வரவில்லை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கவில்லை.

மச்சினர் கதையும் அதே கதை. இரண்டு சித்திக்கும் ஒவ்வொன்று. மூன்றாவதை அவரே தன் வீட்டில் வைத்துக்கொண்டார், டெமோவுக்காம். மீசைக்காரன் மட்டும் ஒன்று விற்றிருந்தான். மாமனுக்குக் கடனாக. "அடுத்த அறுப்புக்குத் தரேன்னாரு" என்றான். எந்த அறுப்பு என்று சொல்லவில்லையாம். அதைக் கேட்பது மரியாதை இல்லையாம். மற்ற இரண்டும் மாமன் மகள்களுக்குச் சீராகிவிட்டன.

ஒன்பது அடுப்பு போச்சு, உள்ளே வந்தது ஒரு தார் வாழை. முதலாளி ஒரு பழத்தை உரித்தபடி, "தம்பி, நம்ம பட்டறையில இருந்து மூணு ஊருக்குச் சீரு போயிருக்கு. நான் யாரு வூட்டு மாமன்?" என்று கேட்டார்.

நான் அசரவில்லை. விதியைத் திருப்பிப் போட்டேன். சொந்தம் இருக்கிற ஊரில்தானே பிரச்சினை, சொந்தமே இல்லாத ஊருக்கு அனுப்பு. கோட்டுச்சேரிக்காரன் நிரவிக்கு, மீசைக்காரன் திருநள்ளாற்றுக்கு, மச்சினர் நெடுங்காட்டுக்கு.

காரைக்கால் எவ்வளவு பெரிய தேசம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சைக்கிளில் ஒரு பக்கம் வேகமாக மிதித்தால் தமிழ்நாடு, மறுபக்கம் மிதித்தால் கடல். இதற்குள் முன்பின் தெரியாதவன் என்று ஒருத்தனை எங்கே தேடுவது? என் ஆட்கள் ஒரு வாசலில் நிற்பார்கள். அடுப்பை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"நீங்க யாரு வூட்டுப் புள்ள?"

அப்பா பேர் சொல்ல வேண்டும்.

"எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். அதற்குத்தான் அந்தக் கேள்வி. அது ஒத்துப்போகாவிட்டால் கதவு முக்கால் அளவு சாத்திக்கொள்ளும், மிச்சப் பேச்சு சந்து வழியாகத்தான். ஒத்துப்போய்விட்டாலோ அதைவிட ஆபத்து. தாத்தாவுக்குப் போவார்கள், தாத்தாவின் கொழுந்தியாளுக்குப் போவார்கள். டீ ஆறுவதற்குள், "அட, நம்ம பெரிய மாமா மவ வயித்துப் புள்ளையா நீ! டையெல்லாம் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிற? உள்ள வாடா" என்று முடிந்துவிடும். அப்புறம் சாப்பாடு. சாப்பிட்ட வீட்டில் காசு கேட்பதா? மச்சினர் அந்த வாரம் நாலு கிலோ ஏறினார்.

மீசைக்காரனை மட்டும் திருநள்ளாற்றில் ஒரு வீட்டில் விசாரிக்கவே இல்லை. நேராக நாற்காலி போட்டு, கேசரி கொடுத்து, உள்ளேயிருந்து ஒரு பெண்ணைக் காபியோடு வரச்சொல்லிவிட்டார்கள். தரகர் சொல்லி அனுப்பிய மாப்பிள்ளை அன்றைக்கு வருவதாக இருந்ததாம். டை, மீசை, கையில் அட்டைப் பெட்டி. இனி என்ன சந்தேகம்? பெட்டியைத் திறந்து அடுப்பை எடுத்தபோது பெண்ணின் அப்பா, "இப்பவே தனிக்குடித்தனமா?" என்று கேட்டிருக்கிறார். மீசைக்காரன் ஜாதகத்தோடு திரும்பி வந்தான்.

"அடுப்பு?"

"அது கெடக்கட்டும் சார். ஒம்போது பொருத்தம் இருக்கு."

புரட்டாசி முடிந்தது. கோடவுனில் இன்னும் இருநூற்று எண்பது சொச்சம். அடி வரிசையில் பச்சைக்கு நடுவே காவி எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. பெரியப்பாவிடமிருந்து கார்டு வந்தது, மில்லுக்கு எப்போது வருகிறாய் என்று.

ஐப்பசி முதல் மழை கொட்டிய ஒரு மத்தியானம், பட்டறையில் வைத்து மூன்று பேருக்கும் நான் 'தன்னம்பிக்கை' கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது காரைக்கால்மேட்டு மீன்கார அக்கா உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். காலையில் கடற்கரை ஏலத்தில் மீன் எடுத்து, தலையில் வைத்து, நெடுங்காடு வரைக்கும் தெருத்தெருவாகப் போட்டு வருகிறவர். அவருடைய அலுமினிய அன்னக்கூடையில் ஓட்டை. அடைக்கக் கொண்டுவந்திருந்தார். வேலை முடிகிற வரைக்கும் ஒரு ஓரமாக நின்று கிளாஸை முழுசாகக் கேட்டார்.

"ஏந் தம்பி, இவங்க கழுத்துல என்னா அது? ஏதும் வேண்டுதலா?"

"அது டைக்கா. மரியாதைக்கு."

"அது சரி. இந்தத் தம்பியத்தான" என்று மச்சினரைக் காட்டினார், "நெடுங்காட்டுல எல்லாரும் கேட்டாங்க, யாருடி அந்தக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீசருன்னு. அவரு வர்றாருன்னா பொம்பளைங்க பூரா கொல்லப்பக்கம் ஓடிப்போயிருக்காளுவ."

முதலாளி சிரித்ததில் ஈயப்பற்றுக் கோல் கீழே விழுந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நீங்க வித்துக் காட்டுங்களேன்க்கா."

"நான் எதுக்கு விக்கணும்? எனக்கு மீனு இருக்கு." கூடையைத் தட்டிப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன் தம்பி. இந்தப் புள்ளைங்க போனா ஒண்ணு மாமன் மச்சான் ஆயிடுறாங்க, இல்லன்னா அசலான் ஆயிடுறாங்க. மாமங்கிட்ட காசு குடுப்பாளா? அசலான உள்ளதான் விடுவாளா? நான் ரெண்டும் இல்ல. எனக்கு எந்த வூட்டுலயும் ஒறவு கெடையாது. எந்த வூட்டுக் கொல்லக் கதவும் எனக்குத் தொறந்துதான் கெடக்கு. எவ வூட்டுல எவ பேசல, எவ வூட்டுல வெறகு நனஞ்சு கெடக்கு, எல்லாம் தெரியும். இருபது வருஷமா அவங்க வூட்டுக் கொல்லையில ஒக்காந்து மீனு அரிஞ்சு குடுக்குறேன்."

மூன்று வருஷம் நான் படித்த பாடத்தை அன்னக்கூடை ஓட்டை அடைபடுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

முதலாளி ஒரு அடுப்பை அவர் முன்னால் வைத்தார். "சும்மா எடுத்துட்டுப் போம்மா. மழைக்கு டீ போட்டுக் குடி."

மறுநாள் மீன்கார அக்கா நெடுங்காட்டில் அந்த ஓர்ப்படி வீட்டுக் கொல்லைக்குப் போயிருக்கிறார். விறகு நனைந்து, ஊதி ஊதி அந்த அம்மாவுக்குக் கண் சிவந்து கிடந்தது. அதே வீட்டில் கோட்டுச்சேரிக்காரனுடைய அக்காவின் அடுப்பு மஞ்சள் குங்குமத்தோடு பரணில். எரிக்க மனசில்லை, பெருமைக்கு வைத்திருந்தாள். மீன்கார அக்கா கொல்லைத் தாழ்வாரத்தில் தன் அடுப்பை ஏற்றி, அரிந்த மீனில் இரண்டு துண்டைப் போட்டுக் குழம்பு கொதிக்க வைத்தார். விற்கிறேன் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது என்று ஓர்ப்படி கேட்டதற்கு, "மழ நாளைக்கு மட்டும் எரி, ரேஷன்ல வர்றது போதும்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக இரண்டு ஊர் தள்ளி, அந்த ஓர்ப்படியின் அம்மா வீட்டுக்குப் போனார். அங்கேயும் அவர்தான் மீன் போடுகிறவர்.

"ஒங்க மவ வூட்டுல ஒரே பொக. பெரியவளுக்கு அவ தம்பி அடுப்பு வாங்கியாந்து வெச்சிருக்கான். ஒங்க மவ ஒரு வார்த்த சொல்லல, பாவம். கண்ணத்தான் தொடச்சுக்கிட்டு இருந்தா. பொகையில தான், வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த அம்மா மழையில் நனைந்துகொண்டு பட்டறை வாசலில் நின்றார். முழுக் காசு. பேரம் பேசவில்லை. "பெரிசா ஒண்ணு இருந்தாக் குடுங்க" என்றார். எல்லாம் ஒரே சைசுதான்.

அதற்கப்புறம் கார்த்திகை முழுக்க அடைமழை. அக்கா ஏலத்திலிருந்து இன்னும் ஐந்து பெண்களைக் கூட்டிவந்தார். ஆறு கூடை, ஆறு வழி. யார் எந்தப் பக்கம் போவது என்று மேப் எல்லாம் போடவில்லை. ஏற்கனவே மீனுக்கு இருந்த வழிதான். ஒருத்தி வழியில் இன்னொருத்தி கால் வைக்க மாட்டாள். அதற்கு அவர்கள் ஊரிலேயே கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டில் மருமகளுக்கு வந்தால், நாலு நாளில் அவளுடைய ஓர்ப்படிகளின் பிறந்த வீடுகள் எல்லாம் பட்டறை வாசலில் நிற்கும். மார்கழி பிறந்ததும் அடுப்பு பொங்கல் சீரில் ஏறிவிட்டது. பானை, அரிசி, வெல்லம், கரும்பு, பச்சை அடுப்பு.

அக்கா தினமும் சாயங்காலம் பட்டறைக்கு வந்து ஆர்டர் சொல்வார். நான் டைப்ரைட்டரில் தட்டுவேன். "எழுதிக்குங்க. நெடுங்காடு கீழத்தெரு, கெணத்தடி வூடு, ஒண்ணு. அவங்களுக்குத் தெரியாம அவங்க சம்பந்திக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒரே நாள்ல கொண்டுபோவாதீங்க, சண்ட வந்துரும்." என் மூன்று சேல்ஸ்மேன்களும் டையைக் கழற்றிவிட்டு, சைக்கிளில் அடுப்பைக் கட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார்கள். மச்சினருக்கு அந்த வேலை அற்புதமாக வந்தது. பேசத் தேவையில்லை அல்லவா.

எல்லாம் நன்றாகப் போனது, என்னைத் தவிர. மார்கழிப் பாதியில் முதலாளி கோடவுன் கதவைத் திறந்து பார்த்தார். தரை தெரிந்தது. திரும்பி என் போர்டைப் பார்த்தார்.

"தம்பி, ஆறு கூடைக்காரங்க விக்கிறாங்க. மூணு பேரு கொண்டுபோறாங்க. நீங்க என்னா பண்றீங்க?"

"மேனேஜ் பண்றேன்."

"நீங்களா ஒண்ணாச்சும் வித்திருக்கீங்களா?"

தவிட்டு வாசனை மூக்கில் ஏறியது. "அடுத்த வாரம் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு ஆர்டர் ஷீட் அவர் மேசையில் இருந்தது. அழகாக டைப் அடித்து, இரண்டு விரற்கடை மார்ஜின் விட்டு. திருநள்ளாறு, மேலத்தெரு, அடுப்பு ஒன்று, ரொக்கம். விற்றவர்: விற்பனை மேலாளர். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மலர்ந்தது. "பரவாயில்லியே!"

அக்கா அப்போது அங்கேதான் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"திருநள்ளாறு மேலத்தெருவா? ஆமாமா. மேனேஜரு தம்பியோட அக்காவ அங்கதான குடுத்திருக்கு. அவங்க மாமியா நேத்து மீனு வாங்குறப்ப சொன்னாங்க, 'எம் மருமவ தம்பி என்னா கொணம், கேக்காமலே பொங்கச் சீரு கொண்டாந்து வெச்சுட்டுப் போயிருக்கு'ன்னு. மஞ்சள் குங்குமம்லாம் வெச்சிருக்காங்க."

காசு என் சம்பளத்தில் போட்டதுதான். மீசைக்காரன் கூரையைப் பார்த்தான். கோட்டுச்சேரிக்காரன் என்னைப் பார்த்த பார்வையில் அந்த ஒரு தார் வாழைப்பழமும் இருந்தது.

முதலாளி ஷீட்டை மடித்தார். "தம்பி, ஒங்க பெரியப்பா மில்லு எந்த ஊர்ல?"

"திருத்துறைப்பூண்டி பக்கம்" என்றேன்.

அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "அட, இருக்கட்டுங்க மொதலாளி. நான் சொல்றது எனக்கே மறுநாள் நெனவு இருக்காது, எழுத ஆளு வேணும்ல. பொய்யவே இவ்ளோ அழகா தட்டுறாரு. நெசத்தயும் தட்டிட்டுப் போறாரு."

"அப்ப மேனேஜரு நீங்களா இருங்களேன். சம்பளம் போட்டுத் தரேன்."

"எட்டு மணிக்கு இங்க வரணும்ல? எட்டு மணிக்கு எனக்கு ஏலம்." கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். "அடுப்புக்கு இவ்வளவுன்னு எங்க ஆறு பேருக்கும் குடுக்குறீங்கள்ல, அது போதும். கூட ஓட்டையானா காசு வாங்காம அடச்சுக் குடுங்க. போர்டு தம்பிகிட்டயே இருக்கட்டும். எனக்கு அத எங்க மாட்டுறது?"

போர்டு சுவரிலேயே இருக்கிறது. அதன் ஆணியில் மூன்று டையும் தொங்குகின்றன.

அந்த முந்நூற்றில் இப்போது கோடவுனில் பதினொரு அடுப்பு மிச்சம் இருக்கிறது. அதில் ஒன்றுக்குத் திரி இல்லை; ஆடியில் திரும்பி வந்தது அதுதான்.